செய்கூலி, சேதாரம், ஸ்பீக்கர்

தி.நகர் நகைக்கடை பில்லில் எல்லாம் பிரித்துப் போட்டிருக்கும். தங்கம் இத்தனை கிராம், சேதாரம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, வரி இவ்வளவு. சேதாரத்தைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டலாம். அண்ணா சாலையில் ஏ.சி. ஷோரூமில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு 2 லட்சம் என்றால் பில்லில் ஒரே வரிதான். அதனால்தான் "உள்ளே இருக்கிற சாமான் 35,000கூடப் பெறாது" என்று யாராவது கிளப்பிவிட்டால் வயிறு எரிகிறது.

எனக்கும் எரிந்தது. அந்த எரிச்சலில் நானே ஒரு ஜோடி செய்தேன். நண்பர் ஒருவர் மூன்று வாரம் ஊரில் இல்லாததால் அவருடைய 2 லட்சம் ரூபாய் ஜோடியை என்னிடம் விட்டுப் போனார். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு ஹாலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

முதல் வேலையாக, அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த விலை உயர்ந்த பெட்டியைக் கழற்றினேன். முன்பக்கம் கீழ்ச் சத்தத்துக்கு ஆறு அங்குல வூஃபர், ரப்பர் விளிம்பு, பின்னால் கைக்கு அடங்காத காந்தம். மேல் சத்தத்துக்கு ஓர் அங்குலப் பட்டு ட்வீட்டர். உள்ளே பஞ்சுக்கு நடுவே போஸ்ட்கார்டு அகலத்தில் ஒரு கிராஸ்ஓவர் போர்டு, அதாவது கீழ்ச் சத்தத்தை வூஃபருக்கும் மேல் சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். அதில் மூன்று ஃபிலிம் கெப்பாசிட்டர், மூன்று காயில், சில ரெசிஸ்டர். போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். "இவ்வளவுதானா?" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

இவ்வளவுதான். நார்வேயின் சியாஸ், டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக் போன்ற கம்பெனிகளிடம் இதே தரத்தில் டிரைவர்களை (வூஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் பொதுப் பெயர்) நீங்களும் நானும் வாங்கலாம். கிளப்பிவிட்டவர் சொன்ன கணக்கு பெரிய பொய் இல்லை. ஆனால் மீதிப் பணம் எங்கே போனது?

தோராயமாகப் பிரித்துப் பார்ப்போம். 2 லட்சத்தில் 18% ஜி.எஸ்.டி.யை எடுத்தால் சுமார் 1,69,500. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு வைக்கிறார் என்று கொண்டால் (வாடகையும் ஏ.சி.யும் அதில்தான் வர வேண்டும்) இறக்குமதியாளருக்கு 1,13,000. சுங்க வரி, கப்பல் கூலி, விற்காமல் தேங்கிய சரக்கு, வாரண்டியில் திரும்பி வருவது எல்லாம் போகத் தொழிற்சாலைக்கு 70,000 கிடைத்தால் அதிகம். அதில் பாதி உதிரிபாகம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் நாலைந்து மடங்குக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். கடல் தாண்டி வந்த சாமான் இல்லையா.

இப்போது என்னுடைய பில். நான்கு டிரைவர்கள், வரி கூரியர் உட்பட 41,000. கிராஸ்ஓவர் சாமான் 8,500. எம்.டி.எஃப். பலகை, தச்சுக் கூலி, வினீர், பாலிஷ் 16,000. ஒலியை அளக்கும் மைக் 9,000. மொத்தம் 74,500. பாதி விலைகூட இல்லை என்று மார்தட்டிக்கொண்டு முதல் நாள் ஒரு வயலின் கச்சேரியைப் போட்டேன். தகரத்தைக் கீறியது போல இருந்தது. மிருதங்கத்தில் வலப்பக்க வலந்தலை மட்டும் கேட்டது, இடப்பக்கக் கனத்த தொப்பியைக் காணோம்.

தப்பு என்னுடையது. வூஃபரின் மின்தடை எந்நேரமும் 8 ஓம் என்று நினைத்துப் பாடப்புத்தக சூத்திரப்படி காயில் வாங்கியிருந்தேன். நிஜத்தில் அதன் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறும். இன்னொன்று, 20 செ.மீ. அகலப் பெட்டியில் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்னால் மட்டும் வராமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் வழியத் தொடங்கும். போகப் போக 6 டெசிபெல் வரை இழப்பு. அதை ஈடுகட்டுவது கிராஸ்ஓவரின் வேலை. ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளில் அளந்து, விட்யூக்ஸ்கேட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திரும்ப வடிவமைத்து, புது காயில்கள் வாங்க மறுபடி 5,500. ஆகாத காயில்கள் பரணில் கிடக்கின்றன. என் பில்லின் சேதாரம் அதுதான். செய்கூலி, ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

பெட்டியிலும் ஒரு பாடம். "சார், பொட்டி சின்னதா இருக்கு, ஓட்டை மட்டும் இவ்ளோ பெருசா கேக்குறீங்களே, வீக்கா பூடும்" என்று தச்சர் அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: நண்பரின் பெட்டி 'டொக்' என்று செத்த சத்தம் தரும், என்னுடையது 'டும்'. தொப்பி விழும்போதெல்லாம் பக்கவாட்டுப் பலகையும் கூடவே பாடியது. பிறகு உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்ததும் பாதி அடங்கியது.

எல்லாம் சரிசெய்தபின் சத்த அளவைச் சமமாக்கி, முன்னால் ஒரு புடவையைத் தொங்கவிட்டு வீட்டுக்காரியைக் கேட்கச் சொன்னேன். ஐந்து முறையில் மூன்று முறை நண்பருடையது, இரண்டு முறை என்னுடையது. தம்புராவும் குரலும் நண்பருடையதில் ஒரு மயிரிழை தெளிவு. தொப்பியின் கீழ்ச் சத்தம் என்னுடையதில் தாராளம். புடவையை எடுத்ததும் ஐந்துக்கு ஐந்தும் நண்பருடையதுதான்! இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டுமில்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் 1994-இல் வெளியிட்ட சோதனையிலும், கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது சின்ன, மலிவான ஸ்பீக்கருக்கு மதிப்பெண் சரிந்தது.

அதற்காக வடிவமைப்பு என்பதே வெறும் மினுக்கு என்று சொல்ல மாட்டேன். 1970களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்தவை கெஃப் கம்பெனியின் பி110, டி27 டிரைவர்கள். வீட்டில் பெட்டி செய்பவர்களுக்கும் அவை அப்போது கிடைத்தன. ஆனால் ஒரு டிரைவருக்கும் இன்னொன்றுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் மூல மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும் என்று பி.பி.சி. அடம் பிடித்தது. ரோஜர்ஸ், ஹார்பெத் போன்ற கம்பெனிக்காரர்கள் உரிமம் வாங்கித்தான் செய்தார்கள். அந்தப் பழைய ஜோடிகளுக்கு இன்றும் நல்ல விலை. அதே டிரைவரைப் போட்டு வீட்டில் செய்த பெட்டியை யார் தேடுகிறார்கள்?

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, நம் ஆட்கள் ஏனோ மறந்துவிடுவது: சாலிகிராமம் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் மேசைமேல் நிற்கும் ஆக்டிவ் மானிட்டர் என்ற ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். 30,000, 40,000க்கு ஜோடி வந்துவிடும். உதிரிபாகத்துக்கும் விலைக்கும் இடைவெளி இங்கேதான் குறைவு. அழகு கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனி பிளக், கிட்டே போனால் 'உஸ்' என்று மெல்லிய இரைச்சல். மேலே ஃபேன் ஓடும் சென்னை வீட்டில் அந்த உஸ் யாருக்குக் கேட்கப்போகிறது?

10க்கு 12 அடி ஹால், 50,000க்குள் பட்ஜெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மானிட்டர். கைவேலையில் ருசி இருந்தால், வேறொருவர் அளந்து வெளியிட்ட டிசைனை அப்படியே செய்யுங்கள். என்னைப் போல முதல் பெட்டியிலேயே விஞ்ஞானி ஆக வேண்டாம். 2 லட்சம் ஜோடி கொள்ளை இல்லை, ஆனால் அதைப் பழையதாக, ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்குவது இன்னும் உத்தமம். விளிம்பு ரப்பரா என்று மட்டும் பாருங்கள், ஃபோம் விளிம்பு நம் கடற்காற்றில் உதிர்ந்துவிடும். 5 லட்சம், 10 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பெயிண்டுக்கும் எடைக்கும்தான் காசு என்பது என் எண்ணம்.

பழைய விலை என்றதும் ஒன்று. நகையில் செய்கூலி திரும்ப வராது, தங்கம் வரும். ஸ்பீக்கரில் கம்பெனிப் பெயருக்குத்தான் பழைய விலை, பெயர் இல்லாவிட்டால் சாமானுக்குக்கூட அரைகுறைதான் என்று எனக்குப் போன மாதம்தான் உறைத்தது. அடுத்த ஜோடி செய்ய இடம் வேண்டும் என்று என் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வினீரைத் தடவினார், கணுவால் ஒரு தட்டு தட்டினார், பின்பக்கம் திருப்பிப் பெயர் தேடினார்.

"டிரைவர மட்டும் கழட்டிக் குடுத்துருங்க சார், 18,000 தர்றேன். பொட்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க, இங்க வைக்க இடமில்ல."