அட்டெனுவேட்டரா, ஃபில்டரா?

யாழ்ப்பாணத்தில் எஃப்எம் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. 145 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) கேட்கப் போனால் பாட்டு கலந்து வருகிறது. ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் எதைப் போடுவது, சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரா, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தடுக்கும் ஃபில்டரா என்று குழம்புபவர்களுக்காக இது.

செலவு
அட்டெனுவேட்டர்: மூன்று ரெசிஸ்டர், ஒரு தகரப் பெட்டி. வீட்டிலேயே செய்யலாம்.
ஃபில்டர்: கம்பிச் சுருள் (காயில்) சுற்றி, அளந்து சரிசெய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வாங்கிவிடுவதே நல்லது.

வேலை
அட்டெனுவேட்டர் எல்லாச் சிக்னலையும் ஒரே அளவில் குறைக்கும். ஆனால் பலமான சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து ரிசீவருக்குள்ளேயே உருவாகும் போலிச் சிக்னல் (மூன்றாம் படிக் கலப்பு) மூன்று மடங்கு டெசிபெல் (டிபி) இறங்கும்: 10 டிபி போட்டால் அது 30 டிபி குறையும். கோளாறு ஓவர்லோடுதானா (பலமான சிக்னலால் ரிசீவர் திணறுவதா) என்று கண்டுபிடிக்கவும் இதைவிட எளிய வழி இல்லை.
ஃபில்டர் எஃப்எம் வரும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டும். 145இல் வரும் மெல்லிய குரல் தப்பிக்கும்.

உழைப்பு
இரண்டும் நெடுநாள் உழைக்கும். கடற்காற்றில் கனெக்டர்தான் முதலில் பச்சை பிடிக்கும், சுற்றி மூடுங்கள். அட்டெனுவேட்டர் வழியாக டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள், ரெசிஸ்டர் கருகிவிடும்.

7 மெகாஹெர்ட்ஸ் கேட்பவருக்கு அட்டெனுவேட்டர் போதும். அங்கே வானத்து இரைச்சலே அதிகம், 10 டிபி இழந்தாலும் பெரிதாகத் தெரியாது. 145 கேட்பவர் ஃபில்டருக்கே போகலாம். பக்கத்து வீட்டு ஹாம் அதே பேண்டில் பேசினால்? அந்த ஃபில்டர் உதவாது, அட்டெனுவேட்டர்தான்.