பழைய மாடிக் கட்டிடத்துக்குப் புகை அலாரம்: ரேடியோ இணைப்பா, வைஃபையா?

வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள சந்துகளில், வைத்தியத்துக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துக்கொள்ளும் பழைய விடுதிகள் உண்டு. கீழ்த்தளத்தில் புகை கிளம்பினால் மேல்மாடியில் உறங்கும் நோயாளியின் தலைமாட்டிலும் அலாரம் அலற வேண்டும். சுவரை உடைத்து வயர் இழுக்காமல் அதைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன.

வைஃபை அலாரம் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். உரிமையாளர் காட்பாடியில் இருந்தாலும் தெரிந்துகொள்வார். அது நல்ல வசதிதான். ஆனால் பல மாடல்களில் ஓர் அலாரம் மற்றதை எழுப்புவதே ரூட்டர் வழியாகத்தான். மின்சாரம் போனால் ரூட்டரும் போகும். தீ என்றதும் நாம் முதலில் அணைப்பது மெயின் சுவிட்சைத்தானே!

ரேடியோ இணைப்பு அலாரங்கள் பேட்டரியில் ஓடி, ஒன்றுக்கொன்று நேரடியாகச் சமிக்ஞை அனுப்புகின்றன. பெரும்பாலானவை 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சுற்றி இயங்குபவை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட இந்த அலைகள் கனத்த செங்கல் சுவரை எளிதாகக் கடக்கும். இந்தியாவில் அனுமதியுள்ள அலைவரிசைதானா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்க வேண்டும். வெவ்வேறு நிறுவன அலாரங்கள் பொதுவாக ஒன்றோடொன்று இணையாது.

என் தேர்வு ரேடியோதான். தளத்துக்கு ஒன்றாகப் படிக்கட்டின் மேல்முனைக் கூரையில் பொருத்துங்கள். பிறகு எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, கீழ்த்தள அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தி, மேலே ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். சமையலறைக்கு மட்டும் வெப்ப அலாரம் போதும். அங்கே புகை அலாரம் வைத்து, அது தாளிப்புப் புகைக்கெல்லாம் அலறினால் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.