உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவுச் சேவை: குழந்தைகளின் கணக்கு எவ்வளவு நம்பகம்?

உலக சுகாதார நிறுவனம் இணையத்தில் இலவசமாக வழங்கும் காசநோய்த் தரவுச் சேவையைப் பெரும்பாலோர் மொத்த எண்ணிக்கைக்காகவே நாடுகிறார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்கைப் பார்க்க அது எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. நாடுவாரியான சி.எஸ்.வி. (அட்டவணை வடிவ) கோப்புகளை நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். நெடுவரிசைகளின் தலைப்புகள் சுருக்கெழுத்துகளாக இருப்பதால், அவற்றுக்கு விளக்கம் தரும் அகராதிக் கோப்பை முதலில் திறப்பது நல்லது. (கட்டம் காலியாக இருப்பதும் அதில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றல்ல, கூட்டிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இச்சேவையின் உண்மையான பலம், பதிவான நோயாளிகளை 0–4, 5–14 என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருவதே. சிறு குழந்தைகளால் பரிசோதனைக்குத் தேவையான சளியை வெளியே துப்ப இயலாது. துப்பினாலும் அதில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே அறிகுறிகள், மார்பு எக்ஸ்ரே, வீட்டில் வேறு யாருக்கேனும் நோய் உள்ளதா என்ற விசாரணை ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், பதிவேட்டில் ஏறும் எண் நோயின் பரவலை மட்டுமன்றி மருத்துவரின் பயிற்சியையும் காட்டுகிறது. இதைச் சோதிக்க அந்நிறுவனமே 2014இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது: முதல் வயதுப் பிரிவின் எண்ணிக்கையை இரண்டாவதன் எண்ணிக்கையால் வகுத்தால் 1.5 முதல் 3.0 வரை வர வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் கண்டறியப்படாமலோ பதிவாகாமலோ விடுபடுகிறார்கள் என்று ஐயுறலாம். கோப்பு கையில் இருந்தால் சில நிமிடங்களில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஆனால் இரு பிரிவினரும் ஒரே விகிதத்தில் விடுபட்டிருந்தால் விடை சரியாகவே தோன்றும் என்பதால், இதை மட்டும் வைத்து ஒரு நாட்டுக்கு நற்சான்று அளித்துவிட முடியாது.

பதிவானவர்களையும் பதிவாகாதவர்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர் நோயுற்றிருப்பார்கள் என்று நிறுவனம் கணிக்கும் மதிப்பீடுகளை இன்னும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மதிப்பீடு அந்நிறுவனத்தின் 2012 உலகக் காசநோய் அறிக்கையில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. தேசிய நோய்ப் பரவல் ஆய்வுகள் பொதுவாகப் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களையே பரிசோதிப்பதால், குழந்தைகளுக்கான எண்கள் பெரிதும் கணித மாதிரிகளைச் சார்ந்தவை. 2023இல் நோயுற்றதாக மதிப்பிடப்பட்ட 1.08 கோடிப் பேரில் குழந்தைகள் ஏறத்தாழ 12 சதவீதம். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் மட்டுமே பதிவேடுகளில் தெரிகிறார்கள். எஞ்சியவர்களில் நோயே கண்டறியப்படாதவர் எத்தனை பேர், தனியார் மருத்துவரிடமோ மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ சிகிச்சை பெற்றும் அரசுக்குத் தெரிவிக்கப்படாதவர் எத்தனை பேர் என்பதை இக்கோப்புகள் பிரித்துச் சொல்வதில்லை. முன்னதற்குத் தேவை பரிசோதனை வசதி, பின்னதற்குத் தேவை பதிவு ஒழுங்கு என்பதால் இதையே பெருங்குறையாகக் கருதுகிறேன். அதை அறிய, பல பதிவேடுகளை ஒப்பிடும் தனி ஆய்வு வேண்டும்.

சிகிச்சை முடிவுகளை 0–14 என்று ஒரே பிரிவாகத் தருவதும் ஏமாற்றமே. ஆறு மாதக் கைக்குழந்தையும் எட்டாம் வகுப்பு மாணவனும் ஒரே நெடுவரிசையில் அடங்கிவிடுகிறார்கள்.

நாடுகளை ஒப்பிடவும், ஒரே நாட்டின் போக்கை ஆண்டுவாரியாகப் பார்க்கவும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாவட்ட அளவிலான எண்களைத் தேடுபவர்களுக்கு இது பயன்படாது. அவர்கள் தத்தம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் பதிவேடுகளையே நாட வேண்டும்.