19சி தரவுத்தளத்தின்மேல் ஏடாப்: பேட்ச் நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல் போன்ற வேலைகளை நடத்தும் ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் மென்பொருளின் 12.2 பதிப்போடு 2013இல் வந்த, கணினி ஓடும்போதே பேட்ச் எனும் திருத்தங்களைப் போடும் ஆன்லைன் பேட்சிங் கருவியை நாம் ஏடாப் (adop) என்று அழைத்துப் பழகிவிட்டோம். 12.2இல் பேட்ச் போட வேறு கருவி இல்லை என்பதால், இதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் கீழே இருக்கும் ஆரக்கிள் தரவுத்தளம் 11ஜி அல்லது 12சி பதிப்பிலிருந்து 19சி பதிப்புக்கு மாறியபின் இக்கருவி எப்படி நடந்துகொள்கிறது, தடங்கல் வரும்போது காரணத்தை எவ்வளவு விரைவில் காட்டிக்கொடுக்கிறது என்பதை அவசியம் மதிப்பிட வேண்டும். ஜூரோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் தரவுத்தள நிர்வாகியாக இக்கருவியோடு புழங்குபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏடாப்பின் அடிப்படை வடிவமைப்பு மிகச் சிறப்பானது, 19சியிலும் அது உறுதியாகவே நிற்கிறது. ஆனால் 19சிக்கு மாறியபின் பேட்ச் தோற்றது என்று வருபவற்றில் நான் பார்த்த பெரும்பகுதி, பேட்சின் கோளாறே அல்ல; பேட்ச் தரவுத்தளத்தைச் சென்றடையும் வழியில் உள்ள கோளாறு. இந்த இரண்டையும் பிரித்தறியும் வேலையைக் கருவி நம்மிடமே விட்டுவிடுகிறது.

வடிவமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோளாறைத் தேடும் வழியும் அதற்குள்தான் இருக்கிறது. நம் ஊர் எம்ஆர்டியில் கடைசி ரயில் போனபின்தான் தண்டவாளப் பணி தொடங்கும்; ஏடாப் அப்படியல்ல, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு தண்டவாளத்தைப் போட்டு முடித்துவிட்டு, மாற்றிவிடும் நேரத்துக்கு மட்டும் ரயிலை நிறுத்துகிறது. செயலி அடுக்கில், அதாவது செயலி ஓடும் சர்வர்களில், எஃப்எஸ்1, எஃப்எஸ்2 என இரண்டு கோப்பு அமைப்புகள் இருக்கின்றன. தரவுத்தளத்துக்குள் பயனர்கள் ஓட்டும் ரன் எடிஷன், திருத்தம் போகும் பேட்ச் எடிஷன் என நிரல்களின் இரண்டு பிரதிகள், அதாவது எடிஷன்கள், இருக்கின்றன. ப்ரிப்பேர் (ஆயத்தம்), அப்ளை (போடுதல்), ஃபைனலைஸ் (இறுதியாக்கம்), கட்ஓவர் (மாற்றிவிடுதல்), கிளீனப் (துப்புரவு) என்ற ஐந்து கட்டங்களில், கட்ஓவரில் மட்டுமே பயனர்கள் வெளியேற வேண்டும். இரவு முழுவதும் கொள்கலன்கள் வந்துபோகும் எங்களைப் போன்ற தொழிலுக்கு இது சாதாரண வசதியல்ல. முன்பு வார இறுதியில் கணினியையே நிறுத்தி வைத்துச் செய்த வேலை, இப்போது வார நாளில் பின்னணியில் ஓடுகிறது. கட்ஓவருக்கு முன்புவரை மனம் மாறினால், அபார்ட் செய்து (கைவிட்டு), முழு கிளீனப்பும், கோப்பு அமைப்பை மறுபடி நகலெடுக்கும் எஃப்எஸ் க்ளோனும் ஓட்டிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

19சி வந்ததும் மாறியது என்ன? இ-பிசினஸ் சூட்டை 19சியில் ஓட்ட வேண்டுமானால், ஒரு சிடிபிக்குள் (கொள்கலன் தரவுத்தளம்) ஒரு பிடிபி (அதில் செருகப்படும் தரவுத்தளம்) என்ற மல்டிடெனன்ட் அமைப்பு கட்டாயம். பழைய அமைப்பில் இணைப்புக் கோரிக்கைகளை ஏற்கும் லிஸனர் என்ற நிரலின் கோப்பில் எஸ்ஐடி எனும் தரவுத்தள அடையாளப் பெயரை நேரடியாக எழுதி வைத்தாலே இணைப்பு கிடைத்துவிடும். பிடிபியோ சர்வீஸ் எனும் இணைப்புப் பெயரால்தான் வெளியுலகுக்குத் தெரிகிறது; அந்த சர்வீஸ் தரவுத்தளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்து, லிஸனரிடம் தன்னைப் பதிவு செய்திருந்தால் மட்டுமே இணைப்பு கிடைக்கும். ஏடாப்புக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் ரன் எடிஷனுக்கு ஒரு சர்வீஸ், பேட்ச் எடிஷனுக்கு வேறொரு சர்வீஸ். பேட்ச் சர்வீஸ் வழியாக வரும் அமர்வை இபிஎஸ் லாகான் என்ற டிரிகர் (உள்நுழையும்போது தானாக ஓடும் சிறுநிரல்) அடையாளம் கண்டு, பேட்ச் எடிஷனுக்குள் கொண்டுபோய் விடுகிறது. சர்வீஸ், டிரிகர் இவற்றில் எது இல்லாவிட்டாலும், பேட்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போகாது.

எங்கள் தளத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். தரவுத்தள சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்து, சர்வரை மறுதொடக்கம் செய்திருந்தார்கள். மறுநாள் பயனர்கள் வழக்கம்போல் விலைப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள், கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவில் ப்ரிப்பேர் ஓட்டியபோது மட்டும் அது நின்றுவிட்டது. உடன் பணியாற்றும் தம்பி, “அண்ணா, ஆப்ஸ் பாஸ்வேர்டை யாராவது மாத்திட்டாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார், திரையைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஐயம்தான் வரும். லாகுக்குள் (பதிவுக் கோப்புக்குள்) போய்ப் பார்த்தால் ஓஆர்ஏ-12514: கேட்ட சர்வீஸை லிஸனர் அறியவில்லை. தரவுத்தள சர்வரில் லிஸனரின் நிலையைக் கேட்டோம். ரன் சர்வீஸ் பட்டியலில் இருந்தது, பேட்ச் சர்வீஸ் இல்லை. பிடிபி திறக்கும்போது எந்தெந்த சர்வீஸ்கள் தாமாக எழ வேண்டும் என்பது, அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் சேவ் ஸ்டேட் கட்டளை கொடுத்த நேரத்தில் எவை ஓடிக்கொண்டிருந்தன என்பதைப் பொறுத்தது. மேம்படுத்தலின்போது அந்தக் கட்டளை, பேட்ச் சர்வீஸ் எழும்புவதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது. டிபிஎம்எஸ் சர்வீஸ் பேக்கேஜால் பேட்ச் சர்வீஸைத் தொடங்கி, மறுபடி சேவ் ஸ்டேட் கொடுத்து, ப்ரிப்பேரை ஓட்டியதும் அது மறுப்பின்றி நகர்ந்தது. பேட்சையே தொடவில்லை.

இப்படிப்பட்ட நேரங்களில் நான் மிகவும் நம்புவது ஏடாப்ஸ்கேன்லாக் என்ற துணைக்கருவியை. ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் எண், அதற்குக் கீழே கட்டம் வாரியாக, கணு (சர்வர்) வாரியாகப் பல அடைவுகள் என்று ஏடாப் தன் லாகுகளைப் பரப்பி வைக்கிறது. நள்ளிரவில் அவற்றுக்குள் கையால் தேடுவது கொடுமை. சமீபத்திய அமர்வை மட்டும் பார்க்கச் சொல்லி இத்துணைக்கருவியை ஓட்டினால், எல்லா அடைவுகளிலும் உள்ள பிழை வரிகளைத் திரட்டித் தந்துவிடுகிறது. அவற்றில் காலத்தால் முந்தியதைத்தான் நம்ப வேண்டும். பிந்தையவை பெரும்பாலும் அதன் விளைவுகள். அப்ளை கட்டத்தில் நின்றால் மட்டும் கதை வேறு: அங்கே வேலையைப் பகிர்ந்து ஓட்டும் வொர்க்கர்களின் லாகுகளைத் திறந்து பார்த்து, கோளாறை நீக்கியபின் ஏடிகண்ட்ரோல் என்ற கருவி வழியாகத் தோற்ற வேலையை மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

வழியை அடைக்கும் வேறு சில இடங்களும் உண்டு. 12.2இன் செயலி அடுக்கில் இன்னும் பழைய ஆரக்கிள் நூலகங்கள் இருப்பதால், 19சியின் இயல்பான உள்நுழைவு விதி அவற்றை ஏற்காது. எஸ்கியூஎல்நெட் ஐஃபைல் கோப்பில் அனுமதிக்கப்படும் பதிப்பைத் தளர்த்தாவிட்டால் ஓஆர்ஏ-28040 என்ற பிழை வரும். தரவுத்தளம் கோப்பு எழுதும் இடங்களைக் குறிக்கும் யுடிஎல் ஃபைல் டைர் அளவுரு 18சியிலேயே ஆதரவை இழந்துவிட்டதால், அந்த இடங்களை அதற்கென உள்ள டிஎக்ஸ்கே ஸ்கிரிப்டின் வழியே டைரக்டரி ஆப்ஜெக்டாகப் பதிய வேண்டும். பாதையில் சிம்பாலிக் லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு) இருந்தால் ஏற்காது. மேலும், சிடிபிக்குள் நின்றுகொண்டு பிடிபியில் இருக்கிறோம் என்று எண்ணிக் கேள்வி கேட்பவர்கள், தேடும் பயனரே இல்லை என்று திகைப்பார்கள். ஆரக்கிள் பிடிபி எஸ்ஐடி என்ற சூழல் மாறியை அமைத்துக்கொண்டு நுழைந்தால் அந்தக் குழப்பம் தீரும்.

முழு மனதோடு பாராட்ட வேண்டியது இடிசிசி என்ற சோதனைக் கருவியை. 17537119 என்ற பேட்ச் எண்ணில் கிடைக்கும் இதன் ஒரு ஸ்கிரிப்ட் தரவுத்தள அடுக்கையும், இன்னொன்று நடு அடுக்கையும் (செயலி அடுக்கு) சோதித்து, இ-பிசினஸ் சூட்டுக்குத் தேவையான எந்தத் திருத்தம் விடுபட்டிருக்கிறது என்று எண்ணோடு சொல்கிறது. முடிவைத் தரவுத்தளத்திலும் பதிந்து வைக்கிறது. பட்டியல் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுவதால் புதிய பிரதியை இறக்கியபின்தான் ஓட்ட வேண்டும். 19சியின் காலாண்டுத் திருத்தத் தொகுப்பான ரிலீஸ் அப்டேட்டைப் போட்டுவிட்டு இதை ஓட்டாமல் ஏடாப்புக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். தரவுத்தளம் புதிதாகிவிட்டது, ஆனால் அதன்மேல் இருக்க வேண்டிய தனித் திருத்தங்கள் போய்விட்டன என்ற நிலை அப்போதுதான் உருவாகிறது.

குறை என்று சொன்னால் இடம்தான். கோப்பு அமைப்பு இரட்டிப்பாகிறது. சிஸ்டம் டேபிள்ஸ்பேஸ் எனும் தரவுத்தளச் சேமிப்பிடத்தில் 25 ஜிபி காலியாக இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஐந்து கட்டங்களும் சேர்ந்த ஒவ்வொரு சுற்றும் ஓர் எடிஷனை விட்டுச்செல்கிறது. பழையவை 25ஐத் தொட்டால் ஆக்சுவலைஸ் ஆல் என்ற கூடுதல் கட்டத்தையும் முழு கிளீனப்பையும் ஓட்டி நீக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் காலாண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் தொட வேண்டாம்.

காலாண்டுப் பாதுகாப்புப் பேட்சுகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மூன்றாவது செவ்வாயன்று அமெரிக்காவில் வெளியாகின்றன. நமக்கு அது புதன் அதிகாலை. வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பணியாற்றும் நண்பர்களுக்கு இதைத் தள்ளிப்போட வழியில்லை, ஏனெனில் 2020 ஆகஸ்ட் 6 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையச் சுகாதார (சைபர் ஹைஜீன்) விதி, ஆபத்தின் அளவுக்கேற்ற கெடுவுக்குள் பாதுகாப்புப் பேட்சுகளைப் போடச் சொல்கிறது. மற்றத் துறையினருக்கும் 2025 அக்டோபர் ஒரு கடுமையான பாடம்: உள்நுழைவே இல்லாமல் வெளியிலிருந்து தாக்கக்கூடிய, 10க்கு 9.8 ஆபத்து மதிப்பெண் பெற்ற பாதுகாப்பு ஓட்டைக்கு ஆரக்கிள் அவசரத் திருத்தம் வெளியிட்டபோது, அதைப் போட 2023 அக்டோபர் காலாண்டுப் பேட்ச் ஏற்கெனவே இருந்தாக வேண்டும் என்பது முன்நிபந்தனை. ஒழுங்காகச் சுற்றுகளை முடித்து வந்தவர்களுக்கு அது ஒரு பேட்ச். விட்டுவைத்தவர்களுக்கு, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் வேளையில் இரண்டு ஆண்டுப் பாக்கியையும் சேர்த்து அடைக்க வேண்டிய வேலை.

எனவே ஏடாப்பையும் 19சியையும் சேர்த்து ஓட்டத் தயங்குபவர்களுக்குத் தயங்க வேண்டாம் என்றே பரிந்துரைப்பேன். மேம்படுத்தலைச் செய்து தரும் வெளி நிறுவனத்திடம் பொறுப்பைப் பெற்றுக்கொள்ளும் முன், தரவுத்தள சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் லிஸனர் பட்டியலில் இரண்டு சர்வீஸ்களும் தாமாகவே வந்து நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்து, பேட்ச் எதுவும் இல்லாத ஒரு வெற்றுச் சுற்றை ப்ரிப்பேர் முதல் கிளீனப் வரை ஓட்டிக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகே கையெழுத்திடுங்கள்.