கையில காசில்லாதவனுக்கு ஃப்ளோரன்ஸா, வெனிஸா?

மறுமலர்ச்சி காலத்துல பொறந்திருந்தா இத்தாலில எந்த ஊர்ல இருப்பீங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஃப்ளோரன்ஸ்னுதான் சொல்றாங்க, ஊரையே ஆட்டிவச்ச மெடிசிங்கிற பேங்க் முதலாளி குடும்பம், புரூனெலெஸ்கிங்கிற கட்டடக் கலைஞர் பெரிய கோயிலுக்குக் கட்டின குவிமாடம், ஓவியம் சிலைன்னு அடுக்குவாங்க. சரிங்க, ஆனா நீங்க மெடிசி வீட்டுப் புள்ளையா பொறக்க சான்ஸே இல்ல, கம்பளி சிக்கெடுக்கிற கூலிக்காரனாத்தான் பொறப்பீங்க. அப்படிப் பாத்தா என் ஓட்டு வெனிஸுக்குத்தான், ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு, அத கடைசில சொல்றேன்.

முதல்ல வேலை. ஃப்ளோரன்ஸ்ல பெரிய பொழப்பு கம்பளித் துணிதான். வெளியூர்லருந்து வர்ற ஆட்டு ரோமத்த அடிச்சு, கழுவி, எண்ணெய் தடவி, சீப்பு போட்டு இழுத்துன்னு நாள் பூரா பிசுபிசுன்னு நிக்கணும். கம்பளி முதலாளிங்களுக்கு ஆர்த்தே தெல்லா லானான்னு ஒரு பவர்ஃபுல்லான கில்டு, அதாவது தொழில் சங்கம், ஆனா கூலியாள் தனக்குன்னு ஒரு சங்கம் வச்சுக்கக் கூடாது, மீறினா முதலாளி கில்டோட அதிகாரியே தண்டனை குடுப்பாரு. 1345ல சியூட்டோ பிராந்தினின்னு ஒரு கம்பளித் தொழிலாளி ஆள் சேர்த்து சங்கம் ஆரம்பிக்கப் பாத்தாரு, தூக்குல போட்டாங்க. 1378ல சியோம்பிங்க, அதாவது இந்தக் கம்பளிக் கூலிக்காரங்க, கிளம்பி அரசாங்க மாளிகையவே பிடிச்சு மிக்கேலே தி லாண்டோங்கிற ஒரு கம்பளிக்காரர தலைமைப் பதவில உட்கார வச்சாங்க, சங்கமும் கிடைச்சுது. எத்தன நாளைக்குன்னு நினைக்கிறீங்க? ஜூலைல கிடைச்சது ஆகஸ்ட் முடியறதுக்குள்ள காலி.

இன்னொன்னு, எனக்கு இதுதான் ரொம்ப எரிச்சல். முதலாளி துணி விக்கிறது தங்க ஃப்ளோரின்ல, நமக்குக் கூலி குடுக்கிறது சில்லறைல. 1252ல ஒரு ஃப்ளோரினுக்கு 20 சோல்தி, அதான் அந்தச் சில்லறைக் காசு, 1500 வாக்குல அதே ஃப்ளோரினுக்கு 140 சோல்தி. கறுப்புச் சாவு கொள்ளைநோய்க்கு அப்புறம் ஆள் கிடைக்காம கூலி ஏறுச்சு, இல்லேங்கல, ஆனா எந்தக் காசோட மதிப்பு தேயுதோ அது நம்ம பையில, தேயாதது அவங்க பெட்டில.

வெனிஸ் பக்கம் வாங்க. அங்க ஆர்சனல்னு அரசாங்கக் கப்பல் கட்டுற தளம், ஆயிரக்கணக்குல ஆளுங்க. காலைல சான் மார்க்கோ கோபுரத்துல மரங்கோனா மணி அடிக்கும், மரத்தச்சருங்கள வச்சுதான் அந்த மணிக்கே பேரு. உள்ள போனா ஒரே தார் வாசம், ஆனா நடுநடுவுல தண்ணி கலந்த ஒயின் ஓசில ஊத்துவாங்க. தனியார் தளத்துல கூலி கொஞ்சம் கூடவே கிடைக்கும், ஆனா சீசன் போனா வேலையும் போச்சு. ஆர்சனல்ல வயசான மேஸ்திரிய கூட பேர அடிக்காம வச்சிருப்பாங்க, மகனும் அதே தொழிலுக்கு வரலாம். கிட்டத்தட்ட கவர்மென்ட் வேலைதான். மரியாதையும் உண்டு, ஊரை ஆள்ற பிரபுக்களோட பெரிய சபை கூடுறப்ப காவலுக்கு நிக்கிறது இவங்கதான்.

தண்ணி விஷயத்துல மட்டும் வெனிஸ்காரங்க பாவம். சுத்தி கடல், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. ஒவ்வொரு சதுக்கத்துக்கு அடியிலயும் களிமண் பூசின பெரிய குழி, அது நிறைய மணல், மழைத்தண்ணி கல்லுல இருக்கிற ஓட்ட வழியா இறங்கி மணல்ல வடிஞ்சு நடுவுல இருக்கிற கிணத்துக்கு வரும். மூடிக்குப் பூட்டு. நேரத்துக்கு மணி அடிச்சாத்தான் திறப்பாங்க, அதுக்குள்ள குடத்தோட வரிசைல நிக்கணும். மழை பொய்ச்சா பிரெந்தா ஆத்துலருந்து படகுல தண்ணி வரும். ஃப்ளோரன்ஸ்ல ஆர்னோ ஆறு இருக்கு, அதுலதான் கம்பளியும் அலசுவாங்கங்கிறது வேற கதை.

ஃப்ளோரன்ஸுக்கும் நியாயமா ஒன்னு ரெண்டு மார்க் போடணும். 1427ல கதாஸ்தோன்னு வரிக் கணக்கு எடுத்தப்ப, குடியிருக்கிற வீட்டுக்கு வரி கிடையாது, அதோட வீட்டுல சாப்புடுற வாய் ஒவ்வொண்ணுக்கும் சொத்துக் கணக்குலருந்து 200 ஃப்ளோரின் கழிவு, அந்தக் காலத்துக்கு ஆச்சரியமான விஷயம். 1445ல இன்னொசென்தி இல்லம் திறந்து, வளக்க வழியில்லாம விட்டுட்டுப் போற குழந்தைங்கள எடுத்து வளத்தாங்க, அதுக்குப் பின்னாடி நின்னது பட்டு கில்டு.

இப்ப அந்தக் கண்டிஷன். கொள்ளைநோயத் தடுக்கத் தனித் தீவுல ஆஸ்பத்திரி வைக்கிறதெல்லாம் வெனிஸ் 1423லயே செஞ்சிடுச்சு, அப்படியிருந்தும் 1575லருந்து 1577க்குள்ள சுமார் 50,000 பேர் செத்தாங்க, ஊர் ஜனத்தொகையே ஒன்னே முக்கால் லட்சத்துக்குள்ளதான். பணக்காரன் கரைல இருக்கிற பண்ணை வீட்டுக்கு ஓடிடுவான், தச்சன் எங்க போவான்? அதனால வெனிஸ்தான், ஆனா 1500 வாக்குல பொறந்து, ஆர்சனல்ல ஓசி ஒயின் குடிச்சு, 1575க்கு முன்னாடி நிம்மதியா போய்ச் சேந்துடணும்.