பிஎஸ், டாப், ஹெச்டாப், பிஐடிஸ்டாட், ஏடாப்: எது எந்த நேரத்துக் கணக்கைக் காட்டுகிறது?

லினக்ஸ் சர்வர் திணறுகிறது என்று போன் வந்ததும், எந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) காரணம் என்று பார்க்க சிலர் பிஎஸ் கட்டளையை அடிப்பார்கள், சிலர் டாப். இரண்டிலும் சிபியு சதவீதம் என்று ஒரு பத்தி உண்டு. பெயர் ஒன்றுதான், கணக்கு வேறு.

பிஎஸ் காட்டுவது வாழ்நாள் சராசரி. பிராசஸ் தொடங்கியதிலிருந்து தின்ற சிபியு நேரத்தை அதன் வயதால் வகுத்துப் போடுகிறது. 10 நாளாகச் சும்மா கிடந்த பிராசஸ் ஒன்று, கடைசி 5 நிமிடமாக சிபியுவின் ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது என்று வையுங்கள். 10 நாள் என்றால் 14,400 நிமிடம். கணக்குப் போட்டால் 0.03 சதவீதம். பிஎஸ்ஸில் 0.0 என்று விழும். டாப்பிலோ அதே பிராசஸ் 100 என்று தலையில் நிற்கும், ஏனென்றால் டாப் பார்ப்பது போன திரைக்கும் இந்தத் திரைக்கும் நடுவிலுள்ள 3 வினாடியை மட்டும். ஆகவே யார் யாருடைய பிள்ளை, எது எந்த நிலையில் கிடக்கிறது என்று பார்க்க பிஎஸ். யார் இப்போது தின்கிறார்கள் என்று கேட்டால் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

டாப்பில் 400 சதவீதம் பார்த்துப் பதறாதீர்கள். 4 கோரையும் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் பேட்ச் முறையில் (திரைக்குப் பதில் வெறும் எழுத்தாக வெளியிடும் முறை) ஓட்டினால் இரண்டு முறை எடுக்கச் சொல்லி இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் திரையின் கணக்கு முழு 3 வினாடியைப் பார்த்துப் போட்டதல்ல.

ஹெச்டாப் கண்ணுக்கு அழகு, எஃப்5 தட்டினால் மரம் விரியும். ஆனால் த்ரெட்களையும் (ஒரே பிராசஸுக்குள் அதே மெமரியைப் பகிர்ந்து ஓடும் கிளைகள்) தனி வரியாகக் காட்டும். புதிதாக வந்தவர் 40 ஜாவா வரியைப் பார்த்து மெமரியைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார்! பெரிய ஹெச் தட்டினால் ஒரே வரியாகிவிடும்.

என் ஓட்டு பிஐடிஸ்டாட்டுக்கு. சிஸ்ஸ்டாட் தொகுப்போடு வரும். லோடு (ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 12, சிபியு காலி என்றால் டாப்பில் வெறித்துப் பார்த்துப் பயனில்லை. லினக்ஸ் லோடு கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்து, டி (D) நிலையில் கிடப்பவையும் சேரும். பிஐடிஸ்டாட்டுக்கு டி (-d) சுவிட்ச்சும் 1 வினாடி இடைவெளியும் கொடுத்து ரூட்டாக ஓட்டினால், எந்த பிராசஸ் வினாடிக்கு எத்தனை கிலோபைட் படிக்கிறது, எழுதுகிறது என்று வரிவரியாக வரும். திரையை அழிக்காமல் கீழே கீழே போவதால் கோப்பில் பிடித்து வைக்கலாம். இடைவெளி கொடுக்க மறந்தால் மட்டும் சர்வர் பூட் ஆனதிலிருந்து சராசரி காட்டும். பிஎஸ் கதைதான் மறுபடி.

ஒரு தடவை ராத்திரி 2 மணிக்குத் திணறிய சர்வரைக் காலையில் திறந்தேன். டாப்பில் எல்லாம் சாது. இந்த நான்கிலும் நேற்றைக்குப் போக வழியில்லை. ஏடாப் மட்டும்தான் பின்னணியில் பதிந்து வைக்கும். ஆர் சுவிட்ச் போட்டு பழைய கோப்பைத் திறந்து, சின்ன டி (t) முன்னே, பெரிய டி (T) பின்னே என்று நகரலாம். ஆனால் அது தானாகப் பதிவது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டு நிமிடம் ஆடிவிட்டு அடங்கிய பிராசஸ் அந்தச் சராசரியில் கரைந்து ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும். இன்ஸ்டால் செய்த அன்றே அமைப்புக் கோப்பில் 600 வினாடியை 60 ஆக்கிவிடுங்கள். டிஸ்க்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.