யூனிட்டா, டன்னா, கன மீட்டரா?

வீடு கட்டுகிறவர் மூன்று அளவைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரிக்காரர் யூனிட்டில் பேசுவார். கல் உடைக்கும் கிரஷரின் எடைச்சீட்டு டன்னில் வரும். கான்கிரீட்டை ஆலையிலேயே கலந்து அனுப்பும் ரெடிமிக்ஸ் நிறுவனம் கன மீட்டருக்கு விலை சொல்லும். மேஸ்திரிக்கோ எல்லாமே அடியும் அங்குலமும்தான்.

முதலில் யூனிட். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டேப் இருந்தால் வாசலிலேயே சரிபார்த்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். லாரித் தொட்டியின் உள்நீளம் 14 அடி, அகலம் 7 அடி, சரக்கின் உயரம் 3 அடி என்றால் 294 கன அடி. ஏறக்குறைய மூன்று யூனிட். அந்த உயரத்தில் 3 அங்குலம் குறைந்தால் கிட்டத்தட்ட கால் யூனிட் போய்விடும். எனவே விளிம்பைப் பார்த்து உயரத்தை நம்பக் கூடாது. குவியலைச் சமன்செய்யச் சொல்லி, நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பியை அடித்தட்டு வரை இறக்கிப் பார்க்க வேண்டும்.

இத்தனை பார்த்தாலும் ஈரம் ஏமாற்றிவிடும். மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் படிந்து அவற்றை விலக்கி வைக்கிறது. நுண்மணல் கால் பங்குக்கு மேல்கூட உப்பிவிடும். நேரான கண்ணாடிப் பாட்டிலில் மணலை 20 செ.மீ. உயரத்துக்குத் தளர்வாக நிரப்பி, மூழ்கும்வரை நீர் ஊற்றிக் குலுக்குங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீத உப்பல். நான்கு யூனிட் மணலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஐந்து யூனிட்டுக்கான விலை அடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

டன் கணக்கில் இந்த நஷ்டம் சுருங்குகிறது. அதே 5 சதவீத ஈரத்துக்கு எடையில் 5 சதவீதம்தான் கூடும். ஆகவே மழைக்காலத்தில் மணல் வாங்குகிறவருக்கு என் ஓட்டு டன்னுக்கே. ஆனால் எடைமேடை வீட்டு வாசலில் இல்லை. காலி வண்டி எடை, சரக்கோடு எடை இரண்டும் இருக்கிற சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். உலர்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் நான்கரை டன் வரும். கல்லுக்கும் சலிப்புக்கும் ஏற்ப இது மாறும் என்பதால், கட்டடத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட டன் உதவாது.

அந்த வேலைக்குக் கன மீட்டர்தான். தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளளவு 2.5 × 2 × 1.8 மீட்டர் என்றால் 9 கன மீட்டர், அதாவது 9,000 லிட்டர். அடியில் அளந்தால் கன அடியை 28.3ஆல் பெருக்க வேண்டும், வாய்க்கணக்குக்கு வராது. நீளம், அகலத்தை மீட்டரிலும் கனத்தை அங்குலத்திலும் வைத்துப் பெருக்குவது மட்டும் கூடவே கூடாது. தளக்கணக்கில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

1,000 சதுர அடித் தளத்துக்கு 5 அங்குலக் கனம் என்றால் 92.9 × 0.127 = 11.8 கன மீட்டர். உத்திரங்களுக்குத் தனியே சேர்க்க வேண்டும். இது வார்த்து முடித்த கான்கிரீட்டின் அளவு. ரெடிமிக்ஸ் வாங்கினால் இதோடு சிந்துவதற்குக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும். சைட்டிலேயே கலக்குவதாக இருந்தால், கலந்ததும் அளவு சுருங்கிவிடும் என்பதால் சிமெண்ட், மணல், ஜல்லியின் உலர் அளவுக்காக 1.54ஆல் பெருக்க வேண்டும், 1:1.5:3 கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் வரும். ரெடிமிக்ஸ் ஆர்டரிலும் அந்த 1.54ஐப் பெருக்கிவிட்டால், 12 கன மீட்டர் தேவைப்படும் இடத்தில் 18க்கு மேல் வந்து நிற்கும். கலந்த கான்கிரீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஆளில்லை.